மொழிப் பயிற்சிப் பள்ளி ஆசிரியரும் தொழிலாளியே

(புனேயில் தனியார் மொழிப் பயிற்சி ஆசிரியர்களும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினரும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



‘மொழிப் பயிற்சிப் பள்ளிகளில் நிர்வாகச் சீர்கேடும் மீறப்படும் பணி ஒப்பந்தங்களும்’ என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று ஆசிரியர் கேட்கும்போது, ‘சேர்க்கை குறைந்துவிட்டது, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார் உரிமையாளர். வெளியே வந்த ஆசிரியர், ‘நிர்வாகம் சரியில்லை’ என்று சக ஆசிரியரிடம் சொல்கிறார். சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நிர்வாகியை மாற்றிவிட்டு நல்லவர் ஒருவரை உட்கார வைத்தால் நிலைமை சீராகிவிடுமா என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழிப் பள்ளிகளின் பணி ஒப்பந்தம், தொழிலில் வரும் நட்டம் முழுவதையும் ஆசிரியரின் தலையில் இறக்கும்படியாகவே எழுதப்படுகிறது. அந்த ஆசிரியரைத் ‘தொழிலாளி’ என்று ஏற்க நமது தொழிலாளர் சட்டம் மறுக்கிறது. இவ்விரண்டும் நீடிக்கும்வரை, ஒரு நிர்வாகி போய் இன்னொரு நிர்வாகி வருவதால் மட்டும் சம்பளம் கைக்கு வந்துவிடாது.

புனேயும் மொழிச் சந்தையும்

புனே நகரம் தன்னைக் ‘கிழக்கின் ஆக்ஸ்போர்டு’ என்று சொல்லிக்கொள்வது வழக்கம். மேக்ஸ்முல்லர் பவன், அலையன்ஸ் பிரான்சேஸ், பல்கலைக்கழகத்தின் ரானடே நிறுவனம் என்று அயல்மொழி கற்பிப்பதில் நீண்ட மரபு உள்ள ஊர் இது. சாக்கனிலும் அதைச் சுற்றிலும் ஜெர்மானிய, ஜப்பானிய வாகன நிறுவனங்கள் காலூன்றியபோது, மொழி தெரிந்தவர்களின் தேவை பெருகியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் மொழிபெயர்ப்பாளர்களைத் தேடின. ஜெர்மனிக்குச் செவிலியராகப் போக விரும்பும் பெண்கள், மேற்படிப்புக்குப் போக விரும்பும் இளைஞர்கள் எனப் புதிய மாணவர் கூட்டம் உருவானது. விளைவாக, மாடிக்கு மாடி மொழிப் பயிற்சி மையங்கள் முளைத்தன. கட்கியிலும் தேகு ரோட்டிலும் தலைமுறைகளாக வாழும் நமது தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே மாணவர்களாகச் சேர்ந்தார்கள். பலர் தேர்ச்சி பெற்று, அதே மையங்களில் ஆசிரியர்களாகவும் ஆனார்கள்.

இந்நகரத்துக்கு இன்னொரு மரபும் உண்டு. 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய ஊர் இது. அதே ஜோதிராவ் புலே, 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் அளித்த சாட்சியத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தைப் பற்றிப் பேசினார். மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும், பெரிய கிராமங்களில் 15 அல்லது 20 ரூபாய் தரவேண்டும் என்று எண்ணிக்கையோடு கேட்டார். கல்வியை விடுதலையின் கருவியாகக் கண்ட ஒருவர், கல்வி தருபவரின் வயிற்றையும் சேர்த்தே நினைத்தார் என்பதைக் கவனியுங்கள். 144 ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட ‘குறைந்தபட்ச ஊதியம்’ இன்றும் புனேயின் தனியார் மொழி ஆசிரியருக்குச் சட்டப்படி உறுதியாகவில்லை.

1880இல் இங்கே நியூ இங்கிலீஷ் பள்ளி தொடங்கியது. 1884இல் டெக்கான் கல்விச் சங்கமும் அடுத்த ஆண்டு ஃபெர்குசன் கல்லூரியும் அதிலிருந்து பிறந்தன. அங்கே ஆசிரியர்களே ஆயுள் உறுப்பினர்களாக இருந்து நிர்வாகத்தையும் நடத்தினார்கள். இருபது ஆண்டுகள், மாதம் 75 ரூபாய்க்கு மிகாத ஊதியத்தில் பணிபுரிவோம் என்ற உறுதிமொழியின் பேரில் கோகலே அங்கே சேர்ந்தார். ஊதியத்தையும் வெளிவருமானத்தையும் பற்றிய கருத்து வேறுபாடு முற்றி, 1890இல் திலகர் அச்சங்கத்தைவிட்டு விலகினார். அவர்களது அரசியல் நமது அரசியல் அல்ல. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தியாகம் செய்யச் சொன்னவர்களும் தியாகம் செய்தவர்களும் அங்கே ஒரே ஆட்கள். சிக்கனத்தைத் தீர்மானித்தவர்கள் அதே சிக்கனத்தில் வாழ்ந்தார்கள். இன்றைய மொழிப் பள்ளி உரிமையாளர் ‘ஆசிரியப் பணி புனிதமானது’ என்று சொல்லும்போது, புனிதம் ஆசிரியருக்கும் லாபம் தமக்கும் என்று பிரித்துக்கொள்கிறார்.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது என்ன?

உங்களில் சிலர் என்னிடம் காட்டிய ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்தேன். பள்ளிகள் வேறு வேறு. வாசகம் மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆசிரியர் என்ற சொல்லே பல ஒப்பந்தங்களில் இல்லை. ‘ஆலோசகர்’, ‘வருகைதரு பயிற்றுநர்’, ‘சுயேச்சைச் சேவையாளர்’ என்று எழுதியிருக்கிறது. சம்பளம் என்பதும் இல்லை. ‘மதிப்பூதியம்’ என்று இருக்கிறது. மணிக்கணக்கில் ஊதியம், ஆனால் மாதம் எத்தனை மணி நேரம் வகுப்பு தரப்படும் என்ற உறுதி இல்லை. மாணவர் வராமல் வகுப்பு ரத்தானால் ஊதியம் இல்லை. விடைத்தாள் திருத்துவதற்கும், பாடத் தயாரிப்புக்கும், புதிதாகச் சேர வருபவர்களிடம் பேசி அழைத்து வருவதற்கும் ஊதியம் இல்லை. நிர்வாகம் விரும்பினால் அன்றே ஒப்பந்தத்தை முடிக்கலாம். ஆசிரியர் விலகுவதென்றால் மட்டும் இரண்டு மாத முன்னறிவிப்பு தரவேண்டும். தராவிட்டால் நிலுவைத் தொகை பிடித்தம். விலகிய பிறகு ஓராண்டுக்கு இந்நகரில் வேறு எந்த மொழிப் பள்ளியிலும் கற்பிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு.

ஆலோசகர் என்றால் தமது நேரத்தைத் தாமே தீர்மானிப்பவர், ஒரே சமயத்தில் பலருக்கு வேலை செய்பவர். இந்த ‘ஆலோசகர்’ காலை 7 மணி வகுப்புக்கும் மாலை 8 மணி வகுப்புக்கும் நிர்வாகம் போட்ட அட்டவணைப்படி வருகிறார். நிர்வாகம் தந்த புத்தகத்தை, நிர்வாகம் சொன்ன முறையில், நிர்வாகத்தின் அறையில் கற்பிக்கிறார். விடுப்புக்கு அனுமதி கேட்கிறார். வேலையின் ஒவ்வொரு அம்சத்திலும் அவர் தொழிலாளி; சம்பளம் கேட்கும் நாளில் மட்டும் ஆலோசகர். ஊதியத்திலிருந்து ‘தொழில்முறைக் கட்டணம்’ என்ற தலைப்பில் 10 சதவீத வரிப் பிடித்தம் நடக்கிறது. வருங்கால வைப்பு நிதி இல்லை, ஈஎஸ்ஐ இல்லை, மகப்பேறு விடுப்பு இல்லை. மொழி ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் பெண்கள் என்பதை அறிந்தால், இந்தக் கடைசி இல்லாமை எத்தனை பேரை வேலையைவிட்டே துரத்துகிறது என்பது விளங்கும்.

மாணவரிடம் ஓராண்டுக் கட்டணம் முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. ஆசிரியருக்கு வேலை முடிந்த பிறகு, மாதக் கடைசியில், பல நேரங்களில் அதற்கும் அடுத்த மாதம் ஊதியம் தரப்படுகிறது. ஆக, மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து உரிமையாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் அடுத்த கிளை திறக்கப்படுகிறது, விளம்பரப் பலகை எழுகிறது. சேர்க்கை பெருகும்வரை இந்தச் சக்கரம் சுழலும். சேர்க்கை ஒரு பருவம் குறைந்தால் முதலில் நிற்பது ஆசிரியரின் சம்பளம். கட்டட வாடகையை நிறுத்தினால் பூட்டு விழும்; மின்கட்டணத்தை நிறுத்தினால் விளக்கு அணையும். ஆசிரியரின் சம்பளத்தை நிறுத்தினால் மறுநாளும் அவர் வகுப்புக்கு வருவார். மாணவர்களின் முகத்துக்காகவும், பழைய பாக்கி போய்விடுமோ என்ற அச்சத்தாலும் வருவார். எந்தக் கடனைத் தள்ளிப்போட்டால் தமக்குத் தீங்கில்லை என்பது உரிமையாளருக்குத் தெரியும்.

இதே நகரில் மொழிப் பள்ளிகளைவிடப் பலமடங்கு பெரிய கல்வி நிறுவனத்திலும் இதைக் கண்டோம். சின்ஹகட் தொழில்நுட்பக் கல்விச் சங்கத்தின் கல்லூரிகளில், ஓராண்டுக்கும் மேலான சம்பளப் பாக்கிக்காக 2017 இறுதியிலும் 2018இலும் ஆசிரியர்கள் ஒத்துழையாமைப் போராட்டம் நடத்தினார்கள். அரசிடமிருந்து வரவேண்டிய மாணவர் கட்டணத் தொகை வரவில்லை என்று நிர்வாகம் காரணம் சொன்னது. அங்கீகாரம் பெற்ற பொறியியல் கல்லூரிகளின் பேராசிரியர்களுக்கே இதுதான் நிலை என்றால், எந்த அங்கீகாரமும் இல்லாத மொழிப் பயிற்சி மையத்தின் ஆசிரியர் எங்கே போய் முறையிடுவார்?

ஜப்பானில் நடந்தது

மொழிப் பள்ளி சரிந்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் முழுமையாகப் பார்த்த ஓர் இடம் ஜப்பான். 1981இல் ஒசாகாவில் தொடங்கிய ‘நோவா’ என்ற ஆங்கிலப் பயிற்சி நிறுவனம், அந்நாட்டின் மிகப் பெரிய மொழிப் பள்ளியாக வளர்ந்தது. அதன் வளர்ச்சியின் எரிபொருள் மாணவர்கள் முன்கூட்டியே செலுத்திய பணம். நூற்றுக்கணக்கான வகுப்புகளுக்கு ஒரே தவணையில் பணம் வாங்கினார்கள். இடையில் விலகியவர்களுக்குத் திருப்பித் தரும்போது, தங்களுக்குச் சாதகமான கணக்கைப் போட்டுத் தொகையைக் குறைத்தார்கள். அந்தக் கணக்கு முறை செல்லாது என்று 2007 ஏப்ரலில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனில் அந்நாட்டுப் பொருளாதார அமைச்சகம், ஓராண்டுக்கு மேற்பட்ட புதிய ஒப்பந்தங்களை ஆறு மாதத்துக்குத் தடைசெய்தது. முன்பணம் நின்றதும் மாளிகை ஆடியது. சம்பளம் தாமதமானது, பிறகு நின்றது. 2007 அக்டோபர் 26 அன்று நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது.

சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் பலர் நிறுவனம் ஏற்பாடு செய்த வீடுகளில் தங்கியிருந்தவர்கள். வாடகையை நிறுவனம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது, வீட்டுக்காரருக்குச் செலுத்தவில்லை. எனவே சம்பளமும் இல்லை, இருப்பிடமும் இல்லை. சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாடம் சொல்லித்தரும் ஏற்பாட்டைத் தொழிற்சங்கம் செய்துகொடுக்க வேண்டிய நிலை வந்தது. லட்சக்கணக்கான மாணவர்கள் கட்டிய பணம் மூழ்கியது. நிறுவனத் தலைவர் நோசோமு சஹாஷியின் ஒசாகா அலுவலகத்தில் ஆவிக்குளியல் அறையும் படுக்கையறையும் இருந்ததைச் செய்தியாளர்களுக்குத் திறந்து காட்டினார்கள். ஊழியர்களின் பரஸ்பர உதவி நிதியிலிருந்து 32 கோடி யென்னை எடுத்துப் பயன்படுத்திய குற்றத்துக்காக 2009இல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

தலைவர் சிறைக்குச் சென்றார் என்பதைவிட நமக்கு முக்கியமானது வேறொன்று. ஜப்பானில் 1976ஆம் ஆண்டின் ஊதிய உறுதிச் சட்டம் உள்ளது. நிறுவனம் திவாலாகிச் சம்பளம் தரமுடியாமல் போனால், வரம்புக்கு உட்பட்ட பாக்கியில் 80 சதவீதம்வரை அரசின் திட்டமே தொழிலாளிக்கு முதலில் வழங்கிவிடும். அதற்கான பணம் எல்லா முதலாளிகளும் செலுத்தும் காப்பீட்டுச் சந்தாவிலிருந்து வருகிறது. பிறகு அத்தொகையை நிறுவனத்திடம் வசூலிப்பது அரசின் பொறுப்பு. நோவா ஆசிரியர்கள் இத்திட்டத்தை நாட முடிந்தது. அவர்கள் தொழிலாளிகள் என்று அச்சட்டம் ஏற்றதால்தான் அது முடிந்தது.

நம் நாட்டில் கதவு மூடப்பட்ட விதம்

நம் நாட்டில் 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், கல்வி நிறுவனமும் தொழில் தாவாச் சட்டத்தின்படி ‘தொழில்’தான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு கூறியது. ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அந்த மகிழ்ச்சி முடிந்தது. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை பணிநீக்கத்தை எதிர்த்துத் தொடுத்த சுந்தராம்பாள் வழக்கில், 1988இல் உச்ச நீதிமன்றம் இவ்வாறு தீர்மானித்தது: பள்ளி தொழில்தான், ஆனால் அதில் பணிபுரியும் ஆசிரியர் தொழிலாளி அல்லர். கற்பிப்பது உடலுழைப்போ, எழுத்தர் பணியோ, தொழில்நுட்பப் பணியோ அல்ல, அது ஓர் உன்னதப் பணி என்பது காரணம். பள்ளியின் காவலாளி தொழிலாளி, எழுத்தர் தொழிலாளி. வகுப்பில் நிற்பவர் மட்டும் தொழிலாளி அல்லர். 1996இல் ஹரியானா அங்கீகாரமற்ற பள்ளிகள் வழக்கில், குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. 2004இல் பணிக்கொடையும் இல்லை என்றானது.

இந்த உன்னதத்தின் விலை என்ன என்பதைத் திவால் சட்டத்தில் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத் தொகுப்பின்படி, ஒரு கம்பெனி கலைக்கப்பட்டால் நடைமுறைச் செலவுகளுக்கு அடுத்து, தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி, பிணையம் பெற்ற கடன்காரர்களுக்குச் சமமான வரிசையில் நிற்கும். தொழிலாளி அல்லாத ஊழியர்களின் பாக்கி 12 மாதத்துக்கு மட்டும், அடுத்த வரிசையில். ‘ஆலோசகர்’ என்று எழுதப்பட்டவர் இரண்டிலும் இல்லை. விளம்பர நிறுவனத்தோடும் நாற்காலி விற்றவரோடும் சேர்ந்து கடைசிக்கு அருகில் நிற்பார். ஒப்பந்தத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதியதன் பொருள், பணம் பங்கிடும் நாளில்தான் முழுமையாகத் தெரியும்.

அரசு இந்தப் பள்ளிகளை எப்படிப் பார்க்கிறது? வரி வாங்கும்போது வணிகமாகப் பார்க்கிறது. வணிகப் பயிற்சி மையங்களின் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கிறது. ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மையத்தைப் பதிவு செய்ய வேண்டும், இடையில் விலகும் மாணவருக்கு மீதிக் கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஆசிரியரின் சம்பளம் நின்றால் யார் பொறுப்பு என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் தனியார் பள்ளி ஊழியர்களுக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் தீர்ப்பாயமும் உள்ளன. தமிழ்நாட்டிலும் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கென 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. இவை அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கானவை. மொழிப் பயிற்சி மையம் இவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தக் குறையைத் தீர்த்தனவா? எல்லோருக்கும் நியமனக் கடிதம், எல்லோருக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்றிய அரசு விளம்பரம் செய்கிறது. விலகிய அல்லது நீக்கப்பட்ட ஊழியரின் கணக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு கூறுவதும் உண்மை. இதைப் பயன்படுத்தி வழக்காட வேண்டும். ஆனால் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் ‘தொழிலாளி’ விளக்கத்தில் பத்திரிகையாளரும் விற்பனைப் பிரதிநிதியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆசிரியரின் பெயர் இல்லை. மேலும், முழுமையாகவோ பெருமளவிலோ தர்மம், சமூக சேவை ஆகியவற்றில் ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களையே ‘தொழில்’ என்ற விளக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அறக்கட்டளை என்ற பெயர்ப்பலகையின் பின்னால் பள்ளி நடத்துபவர்களுக்கு இது திறந்த கதவு. 1978இல் கிடைத்த பாதி உரிமையும் இப்படிப் பறிபோகும் ஆபத்தில் உள்ளது.

சட்டம் மாறியதும் உண்டு

மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் பெயர் அந்த விளக்கத்துக்குள் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். மே அண்ட் பேக்கர் வழக்கில், விற்பனைப் பிரதிநிதி தொழிலாளி அல்லர் என்று 1960களில் உச்ச நீதிமன்றம் கூறியது. கழுத்துப் பட்டை கட்டியவர், ஆங்கிலம் பேசுபவர், தனியாகச் சுற்றுபவர். அவருக்கு எதற்குச் சங்கம் என்றுதான் அன்றும் கேட்டார்கள். அவர்கள் ஊர் ஊராகச் சங்கம் கட்டினார்கள். அகில இந்தியச் சம்மேளனம் அமைத்தார்கள். நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கான தனிச் சட்டம் வந்தது. பத்திரிகையாளர்கள் 1955இலேயே தங்களுக்கான சட்டத்தைப் பெற்றிருந்தார்கள்.

ஆசிரியர்களும் வென்றிருக்கிறார்கள். 2004இல் பணிக்கொடை இல்லை என்ற தீர்ப்பு வந்த பிறகு ஆசிரியர் அமைப்புகள் ஓயவில்லை. 2009இல் நாடாளுமன்றம் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது. தனியார் பள்ளி முதலாளிகள் தொடுத்த வழக்கை 2022இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கல்வி நிறுவனத்தில் பணிக்கொடை இன்று சட்டப்படியான உரிமை. 2025 ஆகஸ்டில் குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாட்டை ஏற்றது. விழாக்களில் குருவைத் தெய்வமாகப் போற்றும் சுலோகத்தைச் சொல்வது மட்டும் போதாது, அது நடத்தும் விதத்தில் தெரியவேண்டும் என்றும் அமர்வு குறிப்பிட்டது. 1988இல் ஆசிரியருக்கு எதிராகப் பயன்பட்ட ‘உன்னதம்’ அவருக்கு ஆதரவாகவும் பேச முடியும் என்பதை இது காட்டுகிறது.

நீங்கள் கற்பிக்கும் மொழியின் நாட்டிலிருந்தும் ஒரு செய்தி சொல்கிறேன். ஜெர்மனியில் ஹெரன்பெர்க் என்ற ஊரின் இசைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ‘சுயேச்சைப் பணியாளர்’ என்ற ஒப்பந்தத்தில் இருந்தார். பள்ளியின் அறையில், பள்ளியின் அட்டவணைப்படி, பள்ளியின் ஏற்பாட்டில் கற்பிப்பவர் சுயேச்சைப் பணியாளர் ஆகமாட்டார், சமூகப் பாதுகாப்புக்கு உரிய ஊழியரே என்று 2022 ஜூன் 28 அன்று கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காகிதத்தில் எழுதிய பெயரைப் பார்க்காமல் வேலையின் தன்மையைப் பார்த்த தீர்ப்பு அது. அத்தீர்ப்புக்குப் பிறகு அந்நாட்டின் மொழிப் பள்ளிகளும் தங்கள் ஒப்பந்தங்களைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

நாம் கேட்பதும் செய்வதும்

நமது கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ‘தொழிலாளி’ என்ற சட்ட விளக்கத்தில் ஆசிரியரையும் பயிற்றுநரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். இரண்டு, பயிற்சி மையத்தைப் பதிவு செய்யும்போதே ஆசிரியர்களின் நியமன நிலையையும் ஊதியத்தையும் பதிவேட்டில் காட்ட வேண்டும். சம்பளப் பாக்கி உள்ள மையத்தின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது. மூன்று, மாணவர்களின் முன்கட்டணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, வகுப்பு நடக்க நடக்க மட்டுமே எடுக்க அனுமதிக்க வேண்டும். நான்கு, முதலாளிகளின் சந்தாவில் ஒரு சம்பள உத்தரவாத நிதி அமைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எடுத்த ஒவ்வொரு வகுப்பையும் தேதியோடும் நேரத்தோடும் குறித்து வையுங்கள். அட்டவணை வந்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். நீங்கள் ஆலோசகர் அல்ல, ஊழியர் என்பதற்கு நாளை அவைதான் சாட்சி. அசல் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். ஊதியப் பாக்கிக்கான உரிமையியல் வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற பேச்சில் அந்தக் காலத்தை இழக்காதீர்கள். வேலையைவிட்டு விலகிய பிறகும் வேறு இடத்தில் கற்பிக்கக் கூடாது என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி செல்லாது. அந்த வாசகத்தைக் காட்டி மிரட்டினால் அஞ்ச வேண்டாம்.

இவற்றைத் தனி ஆளாகச் செய்தால் நாளை உங்களுக்கு வகுப்பு இருக்காது. மணிக்கணக்கு ஊதியத்தில் பணிநீக்க உத்தரவே தேவையில்லை. அட்டவணையில் பெயரை விட்டுவிட்டால் போதும். எனவே சங்கம் தேவை. ஜெர்மன் ஆசிரியரும் பிரெஞ்சு ஆசிரியரும், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருபவரும், வரவேற்பு மேசையில் அமர்ந்திருப்பவரும், அறையைக் கூட்டுபவரும் ஒரே சங்கத்தில் சேர வேண்டும். ‘நாங்கள் படித்தவர்கள், கொடி பிடித்து வாசலில் நிற்பதா?’ என்ற தயக்கம் சிலரிடம் இருப்பதை அறிவேன். மருந்துப் பிரதிநிதிகளிடமும் அது இருந்தது. தயங்கியவர்களும் சேர்ந்துதான் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பிம்ப்ரியின் ஆலையில் கூடுதல் நேரம் உழைத்துக் கட்டிய கட்டணம் பள்ளிக்குள் போகிறது. அது ஆசிரியரின் கைக்குப் போகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மாறினால் உங்கள் பிள்ளையின் மொழி வளராது. சம்பளம் நின்ற பள்ளியில் அடுத்து நிற்பது வகுப்பு. அதற்கு அடுத்து மூழ்குவது உங்கள் பணம். ஜப்பானில் அந்த வரிசையில்தான் நடந்தது. ஆகவே ஆசிரியர்கள் வாசலில் நிற்கும் நாளில், ‘வகுப்பு கெடுகிறதே’ என்று அவர்களிடம் கேட்காமல், உள்ளே சென்று உரிமையாளரிடம் கேளுங்கள்.

புனேயில் சம்பளம் நின்றுபோன மொழிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் தங்கள் பாக்கி விவரங்களைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகத் தொழிலாளர் ஆணையரிடம் அளிப்போம். ஆசிரியர் தொழிலாளியா என்ற கேள்வியை அலுவலகம் எழுப்பினால், அதற்கான பதிலையும் அந்த மனுவிலேயே எழுதித் தருவோம். முதல் கையெழுத்து எவருடையது என்று நிர்வாகம் தேடும். அதனால் பெயர்களை வட்டமாக எழுதுவோம்.